அக்காவுக்கா, அத்தானுக்கா: ‘போக்கிடம் இல்லை’ என்ற உணர்வு பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியின் முதல் வரி ஆராய்ச்சிக் கேள்வி போல இருக்கிறது. வாழ்க்கையில் சிக்கிக்கொண்டோம், வெளியேற வழி இல்லை என்ற உணர்வு பெண்களுக்கு அதிகமா ஆண்களுக்கு அதிகமா, எல்லாப் பண்பாடுகளிலும் அது ஒரே மாதிரியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க வந்தது கடைசி மூன்று வரிகளில் இருக்கிறது. தருமபுரத்தில் இருக்கும் அக்கா, நீங்கள் வெளிநாட்டில் இருந்து பேசும்போதெல்லாம் “எனக்குப் போக்கிடம் இல்லை” என்று அழுகிறார். அத்தானோ “இங்கே ஒரு குறையும் இல்லை” என்று சொல்லித் தொலைபேசியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இருவரில் யாருக்காகப் பயப்படுவது என்பதுதான் உங்கள் கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் இரண்டாவதற்கும் கிடைத்துவிடும் என்று நினைக்கிறீர்கள். கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை; உளவளத்துணையாளர். 2010 முதல் இலங்கையின் வடக்கில், வன்னி என்று சொல்லும் பகுதியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் கிராமங்களில் வேலை செய்கிறேன். தொடக்கத்தில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலும், மீள்குடியேறியவர்களின் தறப்பாள் கொட்டில்களிலும் கதை கேட்டேன். இப்போது வீடுகளிலும் கிளினிக் விறாந்தைகளிலும் கேட்கிறேன். இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கதைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். நாங்கள் போவது பகலில். ஆண்கள் அப்போது வயலிலோ கடலிலோ கூலி வேலையிலோ இருப்பார்கள். நானும் ஒரு பெண். ஆகவே ஆண்களைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஆண்களில் பலரைப் பொலிசோ நீதிமன்றமோ வைத்தியசாலை வார்டோ அனுப்பியிருந்தது. தானாக வந்து உட்கார்ந்த ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சிக்கிக்கொண்ட உணர்வை உளவியல் தனியாக எடுத்து அளக்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. 1998ல் இங்கிலாந்தில் போல் கில்பர்ட், ஸ்டீவன் அலன் ஆகிய இருவர் அதற்கென ஒரு வினாப்படிவம் தயாரித்தார்கள். அடிப்படை எண்ணம் விலங்குகளின் நடத்தையில் இருந்து வந்தது. சண்டையில் தோற்ற விலங்கு ஓடிவிடும். ஓட இடம் இல்லாவிட்டால், உடம்பு ஓட்டத்துக்கு ஆயத்தமாகவே நிற்கும், ஓட்டம் மட்டும் நடக்காது. எலிப்பொறியைக் காலையில் திறந்து பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். முதலில் கம்பியைக் கடிக்கும், பிறகு மூலையில் ஒடுங்கி மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். அந்தப் படிவத்தில் 16 வாக்கியங்கள் உண்டு. பத்து, வெளியே உள்ள சூழ்நிலையிலும் மனிதர்களிடமும் அகப்பட்டிருப்பதைப் பற்றியவை. மீதி ஆறும் தன் எண்ணங்களுக்குள்ளும் உணர்ச்சிகளுக்குள்ளும் தானே அகப்பட்டிருப்பதைப் பற்றியவை. வெளிச்சிறை, உள்சிறை என்று இவற்றை அழைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இதில் எது உறுதியானது? சிக்கிக்கொண்ட உணர்வு சாதாரணக் கவலையை விட ஆபத்தானது என்பது உறுதி. 1995ல் ஜோர்ஜ் பிரவுணும் அவருடன் சேர்ந்தவர்களும் லண்டன் பெண்களிடம் செய்த ஆய்வில், இழப்பு மட்டும் நேர்ந்தவர்களை விட, அவமானமோ வெளியேற முடியாத நிலையோ நேர்ந்தவர்களுக்கே மனச்சோர்வு அதிகமாக வந்தது. சில ஆண்டுகளில் சிம்பாப்வேயின் ஹராரே நகரப் பெண்களிடம் பார்த்தபோதும் அதே வகை நிகழ்வுகளே மனச்சோர்வுக்குப் பின்னால் நின்றன. 2004ல் கில்பர்ட்டும் உடன் இருந்தவர்களும் இங்கிலாந்தின் டார்பி நகரில் வாழும் தெற்காசியப் பெண்களைக் குழுக்களாக இருத்திக் கதைத்தார்கள். ‘இஸ்ஸத்’ என்று அவர்கள் சொல்லும் குடும்ப மானம், வீட்டை விட்டு வெளியேறுவதை மட்டும் தடுக்கவில்லை. உதவி கேட்பதையும் தடுத்தது, சொன்னால் ஊருக்குள் கதை பரவிவிடும் என்ற பயத்தால். எங்கள் ஊர் அம்மாக்கள் “நாலு பேர் என்ன சொல்வார்கள்” என்பதும் அதேதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? லண்டன், ஹராரே, டார்பி என மூன்று இடத்திலும் பெண்களிடம் மட்டுமே கேட்டிருக்கிறார்கள். சிக்கிக்கொள்வது பெண்ணின் நோய் என்ற எண்ணத்தில் ஒரு பங்கு, பெண்களிடம் மட்டும் போய்க் கேட்டதால் வந்தது என்பது என் சந்தேகம்.

இரண்டு பாலாரையும் சேர்த்துப் பார்க்கும் புள்ளிவிவரங்கள் ஒன்றுக்கொன்று எதிராகவே இழுக்கின்றன. மனச்சோர்வு என்று பதிவாகிறவர்களில் ஓர் ஆணுக்கு ஏறத்தாழ இரண்டு பெண்கள். இது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. தற்கொலையால் இறக்கிறவர்களில் கணக்குத் தலைகீழ். உலக அளவில் ஆண்கள் இரண்டு மடங்குக்கும் மேல், இலங்கையில் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் இதையும் இயற்கை விதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. 1990களில் சீனாவின் கிராமங்களில் ஆண்களை விடப் பெண்களே அதிகமாகத் தற்கொலையால் இறந்தார்கள். இளம் மனைவிகள் கிராமத்தை விட்டு நகரங்களுக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் அந்த வேறுபாடு குறைந்து, பிறகு மறைந்தே போனது. வழி திறந்ததுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். பூச்சிமருந்து எட்டாத இடத்துக்குப் போனதும் காரணம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டும் சரியாகவே படுகின்றன. எங்கள் நாட்டிலேயே 1995ல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்று உச்சத்தில் நின்ற தற்கொலை வீதம், கொடிய விவசாய நஞ்சுகள் ஒவ்வொன்றாகத் தடை செய்யப்பட்ட பிறகு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. அந்த வீழ்ச்சியின் பெரும்பகுதி நடந்த ஆண்டுகளில் போர் முடிந்திருக்கவில்லை, வறுமையும் தீர்ந்துவிடவில்லை. உள்ளே இருந்த தவிப்பு அப்படியே இருக்க, அந்த ஒரு நொடியில் கைக்கு எட்டியது மட்டும் மாறியது. ஆகவே இறப்புக் கணக்கை வைத்து யார் அதிகம் சிக்கியிருக்கிறார் என்று அளக்க முயலாதீர்கள்.

அப்படியானால் படிவத்தைக் கொடுத்து நேராகக் கேட்டுவிடலாமே என்பீர்கள். இங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழக மாணவி இதைப் போன்ற ஒரு படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டு வந்தார். வீடு வீடாகக் கூட்டிச் சென்றவள் நான். “எனக்குள்ளேயே நான் அகப்பட்டிருப்பதாக உணர்கிறேன்” என்ற வாக்கியத்தை வாசித்ததும் ஒரு முதிய அம்மா வெற்றிலையை வாயில் இருந்து எடுத்துவிட்டுக் கேட்டார்: “பேய் பிடித்ததைச் சொல்கிறாயா, பிள்ளை?” மாணவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போனார். “இங்கிருந்து தப்பி ஓட வேண்டும் போல் இருக்கிறது.” அம்மாவின் முகம் மாறிவிட்டது. விரலை மடித்து, போரில் ஓடிய ஊர்களை எண்ணத் தொடங்கினார். பூநகரியில் இருந்து, பரந்தனில் இருந்து, தருமபுரத்தில் இருந்து, சுதந்திரபுரத்தில் இருந்து, இரணைப்பாலையில் இருந்து, மாத்தளனில் இருந்து. “இனி எங்கே ஓடுவது? ஓடினது போதும்.” மாணவி ‘இல்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டார். அந்த அம்மாவுக்குத் தப்பும் ஆசை இல்லை என்று அந்தத் தாள் இப்போதும் எங்கேயோ ஒரு கோப்பில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். வன்னியில் ‘ஓடுவது’ என்ற சொல்லுக்கு ஷெல்லடியின் நினைவு ஒட்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்தை எழுதியவர்கள் நினைத்த விருப்பம் அதில் இல்லை.

எங்கள் சனம் இந்த நிலைக்கு வைத்திருக்கும் சொற்கள் வேறு. போக்கிடம் இல்லை. அந்தரமாக இருக்கிறது. ஒரே யோசனை. இதில் ‘யோசனை’ நல்ல எண்ணமோ திட்டமோ இல்லை. நிறுத்த முடியாமல் தலைக்குள் சுற்றுவது. ஹராரேயில் ஷோனா மொழி பேசுபவர்களும் ‘குஃபுங்கிசிசா’ என்று, மிதமிஞ்சிச் சிந்திப்பது என்ற பொருளில், ஏறத்தாழ அதையே சொல்கிறார்கள். (அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே, பயிற்சி பெற்ற பாட்டிமார் கிளினிக் வளவில் ஒரு மர வாங்கில் இருந்து கதை கேட்கும் ‘நட்பு வாங்கு’ முறையை 2006ல் அங்கே தொடங்கினார்கள், 2016ல் வெளியான ஆய்வில் அது பலன் தந்தது நிரூபணமானது. எங்கள் ஊரிலும் அப்படிப்பட்ட பாட்டிமார் நிறையவே இருக்கிறார்கள், வாங்குதான் இல்லை.) சொல்லே வேண்டாம் என்று உடம்பால் சொல்கிறவர்களும் உண்டு: தலையிடி, நாரி நோ, உடம்பு முழுவதும் எரிவு, பெருமூச்சு. ஒரு பெண் அரை மணித்தியாலத்தில் எத்தனை பெருமூச்சு விடுகிறார் என்பது எனக்கு எந்தப் படிவத்தையும் விட அதிகம் சொல்லும்.

இனி வன்னிக்கு வருகிறேன். இங்கே சிக்கிக்கொள்வது உவமையாக இருந்ததில்லை. வெளியேறப் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும், பாஸுக்குப் பிணை வைக்க உறவினர் வேண்டும் என்ற காலம் இருந்தது. 2006 ஆகஸ்டில், வன்னியைக் கடந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை மூடப்பட்டது. 2009ல் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு துண்டு மணலில் லட்சக்கணக்கானவர்கள் அகப்பட்டார்கள். அதற்குப் பிறகு மெனிக் பாம் உட்பட்ட முகாம்களின் முட்கம்பிக்குள் ஏறத்தாழ 2,80,000 பேர். மெனிக் பாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். இவை எல்லாவற்றிலும் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே அகப்பட்டார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010ல் வன்னி மக்களைப் பற்றி எழுதியபோது, காயம் தனி ஆளுக்கு மட்டும் நேரவில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்று சொன்னார். நான் அதோடு ஒன்றைச் சேர்ப்பேன். முட்கம்பி போன பிறகு எஞ்சிய கதவுகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கணவன் காணாமல் போன ஒரு பெண். அவருக்குச் சீதனமாக வந்த காணித் துண்டு யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. விற்றால் கடனை அடைத்து மகளைப் படிப்பிக்கலாம். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கணவன் எங்கே என்று தெரியாது. நீதிமன்றம் போய் அனுமதி எடுக்கலாம். அதற்குப் பணம் வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம். ஆனால் அந்தத் தாளை எடுப்பது அவரைத் தன் கையால் கொல்வது போல என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னார். 2016ல் ‘காணாமற்போனமைக்கான சான்றிதழ்’ என்று ஒன்றைச் சட்டமாக்கினார்கள். அவர் அதையும் எடுக்கவில்லை. காலையில் கண்ணாடிக்கு முன் நின்று பொட்டு வைப்பதா விடுவதா என்று யோசித்துவிட்டு, சின்னதாக, தூரத்தில் இருந்து பார்த்தால் தெரியாத அளவில் ஒரு பொட்டு வைப்பார். போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைக்கிறார்: ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்றும் சொல்ல முடியாது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் தாய்மாரும் மனைவிமாரும். தகப்பன்மாருக்கு வலி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் ஒரு தகப்பன் அன்றைக்குக் கூலிக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது என்பார். தாய் அங்கே போய் உட்கார்வார். காத்திருப்பது இங்கே பெண்ணின் வேலையாகிவிட்டது.

கடனும் அப்படித்தான். நுண்கடன் நிறுவனங்கள் பெண்களையே குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணையாக வைத்துக் கொடுத்தன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களின் தலையில் விழும். ஆகவே முற்றத்தில் வந்து சத்தம் போடுவது வெளியாள் மட்டும் இல்லை, அடுத்த வீட்டுக்காரியும்தான். 2018ல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. சிலருக்கு மூச்சு வந்தது. அதைவிடப் பெரிய தொகை எடுத்தவர்களுக்கும் நாலு இடத்தில் எடுத்தவர்களுக்கும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கடனை அடைக்க வெளிநாட்டு வீட்டுப் பணிக்குப் போகலாம் என்றால், 2013 முதல் பெண்ணுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்று ஆக்கினார்கள். சிறு பிள்ளை இருந்தால் போக முடியாது. விதிகள் பிறகு கொஞ்சம் தளர்ந்தன. ஆணுக்கு அப்படி ஒரு படிவமே கிடையாது. பிள்ளையைப் பற்றிய அக்கறைதான் அந்த விதிக்குக் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தகப்பன் போனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. குடியேற்றத் திட்டக் காணிகளின் அனுமதிப்பத்திரங்களிலும், வாரிசு என்று வரும்போது 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை மூத்த ஆணுக்கே முன்னுரிமை இருந்தது.

ஆகவே வெளிச்சிறையின் சுவர்கள் வன்னியில் பெண்ணைச் சுற்றியே அதிகம் எழுப்பப்பட்டிருக்கின்றன என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. சட்டப் புத்தகத்திலும் பிரதேச செயலகத்தின் மேசையிலும் நேரில் பார்க்கக்கூடியது அது. உள்ளத்துக்குள் போய்த் தேட வேண்டியதில்லை. உள்சிறையைப் பற்றித்தான் தடுமாறுகிறேன். என்னிடம் கதைத்த ஆண்கள், குறிப்பாக முன்னாள் போராளிகளாகப் புனர்வாழ்வு முடித்து வந்தவர்களும் கையோ காலோ இழந்தவர்களும், வெளியே உள்ள தடையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. “என்னால் ஏலாது”, “எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது”, “தலைக்குள் நிற்கிறதே இல்லை” என்பார்கள். தடை எல்லாம் தங்களுக்குள்ளேயே இருப்பது போலப் பேசுவார்கள். இதை வைத்து ‘பெண்ணுக்கு வெளிச்சிறை, ஆணுக்கு உள்சிறை’ என்று ஓர் அழகான வாக்கியம் எழுதிவிட ஆசை வருகிறது. நானே ஒரு பயிற்சிப் பட்டறையில் அப்படிச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன். “மனைவி என்னைக் கட்டிப்போட்டிருக்கிறாள்” என்று ஓர் ஆண் சொன்னால் தவறணையில் சிரிப்பார்கள். ஆகவே அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறார். “என் பிள்ளைகளே எனக்குப் பாரம்” என்று ஒரு பெண் சொன்னால் ஊரே திட்டும். ஆகவே அவர் மாமியாரையும் கடனையும் சொல்கிறார். எந்தச் சிறையில் இருப்பதாகச் சொல்ல அனுமதி உண்டோ அதைத்தான் சொல்கிறார்கள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதற்கு, மாதக் கணக்கில் உட்கார்ந்திருந்தால் மட்டும் ஒரு குறிப்புக் கிடைக்கும்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மனைவி தலையிடிக்காகக் கிளினிக்குக்கு வந்து என்னிடம் அனுப்பப்பட்டவர். வீட்டுக்குப் போனபோது ஒரு மணித்தியாலம் கதைத்தார்: குடி, அடி, கிழமைக் கடன், நோயில் கிடக்கும் மாமியார். அந்த நேரம் முழுவதும் கணவர் முற்றத்துப் பாலை மரத்தின் கீழ் லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தின் பெல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்து “எப்படி இருக்கிறீர்கள்” என்றேன். “இருக்கிறேன்” என்றார். லாண்ட்மாஸ்டர் லீசிங்கில் எடுத்ததா என்று கேட்டேன். சாவியைக் கீழே வைத்துவிட்டார். “கட்டி முடிக்கவும் ஏலாது. விட்டுவிடவும் ஏலாது. விட்டால் இதுவரை கட்டினதும் போய்விடும்.” இரண்டு நிமிடத்தில் மூன்று வாக்கியம். சிக்கிக்கொள்வதற்கு இதைவிடத் திருத்தமான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் வாசிக்கவில்லை.

அதன் பிறகு இருவரிடமும், தனித்தனியாக, ஒரே கேள்வியைக் கேட்டேன்: உங்களுக்கு மூச்சு விடும் இடம் எது? கணவர் யோசிக்காமல் சொன்னார்: யானைக்காவலுக்கு வயலில் போட்டிருக்கும் கொட்டில். இரவு அங்கே போய்விட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். மனைவி நெடுநேரம் யோசித்தார். பிறகு, வெட்கத்தோடு, “பஸ்” என்றார். மாதம் ஒரு தரம் கிளினிக்குக்காகக் கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில், யன்னல் பக்கம் இடம் கிடைத்தால், முக்கால் மணித்தியாலம். “இறங்க மனம் வராது, அக்கா.” அப்போதுதான் எனக்கு விளங்கியது, மருந்து எடுக்காவிட்டாலும் அவர் ஒரு கிளினிக் நாளைக்கூடத் தவற விடாதது ஏன் என்று. கணவரின் கொட்டிலுக்கு யாரிடமும் அனுமதி வேண்டாம், அது அவருடைய வேலையின் ஒரு பகுதி. மனைவியின் பஸ்ஸுக்கு ஒரு நோய் வேண்டும். ஆனால் அந்தக் கொட்டிலில், நள்ளிரவில், சாராயப் போத்தலோடும் யோசனையோடும் தனியாக இருப்பவர் பத்திரமாக இருக்கிறார் என்றும் நான் சொல்ல மாட்டேன். கதைக்க அங்கே யாரும் இல்லை. மனைவிக்கு அழ ஒரு தங்கையாவது உண்டு. இருவரில் யார் அதிகம் சிக்கியிருக்கிறார் என்று என்னைக் கேட்டால், சிக்கிய அளவை விட, மனைவிக்கு நாள் முழுவதும் போக இடம் இல்லை, கணவருக்குச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தெரிகிறது. மனைவியின் கணக்கில் ஒன்றை மறக்கக் கூடாது: அவருடைய சுவர்களில் ஒன்று அந்தக் கணவரின் கை. கணவருடைய மௌனத்தை விளங்கிக்கொள்வதால் அடி நியாயமாகிவிடாது.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அக்கா சொல்வதை வழக்கமான அழுகை என்று எடுக்காதீர்கள். “போக்கிடம் இல்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: “சாக வேண்டும் போல் நினைப்பு வருகிறதா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தேவையில்லை, அப்படி நடப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவான ஒன்று, பெரும்பாலானவர்களுக்குக் கேட்டதே ஆறுதலாக இருக்கும். ஆம் என்றால் அன்றைக்கே செயற்பட வேண்டும். இலங்கைக்குள் இருந்து 1926 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கிளிநொச்சி பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வயலுக்கு வாங்கிய மருந்துகளை வீட்டுக்குள் வைக்காமல், பூட்டி, சாவியை வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். இது அக்காவுக்கும் அத்தானுக்கும் சேர்த்துத்தான். தற்கொலை முயற்சி 1998 முதல் இந்த நாட்டில் குற்றம் இல்லை. பொலிஸ் வரும் என்ற பயத்தால் வைத்தியசாலைக்குப் போகாமல் இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆகவே இதையும் சொல்லி வையுங்கள். அடி இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இருந்தால் அது மனதைப் பற்றிய கதை மட்டும் இல்லை. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரிடம் போகலாம்.

கேட்கும் நேரமும் முக்கியம். உங்கள் இரவு அவர்களின் காலை. அந்த நேரத்தில் மாமியார் பக்கத்தில் இருப்பார், தொலைபேசி ஸ்பீக்கரில் இருக்கும். அக்கா தனியாக வெளியே போகும் நாள் எது என்று கேட்டு வைத்து, அன்றைக்கு எடுங்கள். அத்தானிடம் மனதைப் பற்றிக் கேட்டு ஆரம்பிக்க வேண்டாம். “இருக்கிறேன்” என்ற பதிலோடு தொலைபேசி கை மாறிவிடும். இந்தப் போகம் வயல் எப்படி, லீசிங் ஏதும் இருந்தால் எத்தனை தவணை மிச்சம், இரவுக் காவலுக்கு யாரும் துணைக்கு வருகிறார்களா என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். பணம் அனுப்புகிறேன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும்.